மூன்று கூடை மண்

ஹெசே ஊரில் வீட்டுக்கு வீடு பியோனிப் பூச்செடி மொட்டுக் கட்டி நிற்கிறது. காவ் வெய்ஷானின் முற்றத்தில் மட்டும் வெறும் இலை. அவருடைய மனைவி யூஷியா நட்ட செடி அது. அவள் இறந்ததிலிருந்து மூன்று வருடமாகப் பூக்கவில்லை. சாய்ந்து விழும் காலை வெயிலில் இலைகள் எண்ணெய் தடவியதுபோல் மினுங்குகின்றன. யூஷியாவின் தங்கை கூய்லான் செடியருகே குந்தியிருந்து மண்ணுக்குள் விரலை விடுகிறாள். முழு விரலும் இறங்கியும் கிழங்கு தட்டுப்படவில்லை.

“அக்கா ரெண்டு விரக்கடைக்கு மேல மண்ணு போட மாட்டாளே. இவ்வளவு ஆழத்துல கெடந்தா எப்படிப் பூக்கும் அத்தான்?”

வெய்ஷான் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்கிறார்.

“செத்தவங்களுக்குக் கும்பிடுற சிங்மிங் அன்னிக்கு அவ கல்லறை மேட்டுக்குப் புது மண்ணு போடுவேன்ல. வருஷா வருஷம் ஒரு கூடை மிஞ்சும். இதுவும் அவளோடதுதானேன்னு இங்க கொண்டாந்து போட்டுட்டேன்.”

கூய்லான் இரண்டு கையாலும் மண்ணை வழித்து வழித்துக் கூடையில் போடுகிறாள். பக்கத்து வீட்டில் யாரோ மாவை அடித்துப் பிசையும் சத்தம் நிற்காமல் கேட்கிறது. கடைசியில் கிழங்கின் தலையில், வெளிச்சம் படாமல் வெளுத்துப்போன முளைகள் தெரிகின்றன. அவள் உள்ளங்கையால் அவற்றைத் துடைக்கிறாள்.

“இனிமே மண்ணு போடாதீங்க அத்தான்.”

நிறைந்த கூடையை வெய்ஷான் தூக்கி நெஞ்சோடு சேர்த்துக்கொள்கிறார். எங்கே கொட்டுவது என்று தெரியாமல் நிற்கிறார்.

“அவ கல்லறைக்குமா?”