ஆணி வைத்த ஷூ

அல்மாட்டியில் முதல் பனி விழுந்த மறுநாளே எர்போலாத்தை அவன் மனைவி ரவ்ஷான் ஷூ கடைக்கு இழுத்து வந்துவிட்டாள்.

"தினமும் காலையில மலைப்பாதையில ரெண்டு மணி நேரம் ஓடுறாருங்க. பனியில வழுக்காத ஷூவா காட்டுங்க."

கடைக்காரர் அடியில் இரும்பு ஆணிகள் பதித்த ஜோடி ஒன்றை நீட்டினார். "உறைஞ்ச பனியிலகூட கவ்விப் பிடிக்கும், தம்பி."

எர்போலாத்துக்கு அந்தக் குளிரிலும் வியர்த்தது. "கனமா இருக்குமே. எனக்குச் சாதா ரப்பரே போதும்."

"கையில எடுத்துப் பாருங்க, கனமே தெரியாது."

"விரல் இடிக்குதே!"

"ஒரு சைஸ் பெரிசு தர்றேன். கம்பளி சாக்ஸோட கச்சிதமா இருக்கும்."

கச்சிதமாகத்தான் இருந்தது. எர்போலாத் கடைசி அஸ்திரத்தை எடுத்தான். "இந்த ஆணி தரையைக் கீறாதா?"

"கண்டிப்பா கீறும். டைல்ஸ் போட்ட இடம்னா வாசல்லயே நிறுத்திடுவாங்க."

எர்போலாத்தின் முகத்தில் உயிர் வந்தது. "கேட்டியா ரவ்ஷான்? கடைக்காரரே சொல்லிட்டாரு!"

"இதையே கட்டிக் குடுங்க" என்றாள் ரவ்ஷான். "இவரு தினமும் ரெண்டு மணி நேரம் உக்காந்து தின்னுட்டு வர்ற சம்சாக் கடையில போன வாரம்தான் புது டைல்ஸ் போட்டிருக்காங்க."