இருவருக்கும் ஒரே ஊசி

அந்தக் குடும்பத்து ஆண்களுக்கு நாற்பது வயதில் கை நடுங்க ஆரம்பிக்கும். பத்து வருடத்தில் படுக்கை. அதனால் நாற்பதாவது பிறந்தநாளில் கேக் வெட்டுவதற்கு முன் ஊசியில் நூல் கோக்கச் சொல்வார்கள். அறிவழகனும் பரிதியும் ஒரே கரு பிரிந்து பிறந்தவர்கள். ஒருவனுக்கு வந்தால் மற்றவனுக்கும் உண்டு என்பதால் இருவருக்கும் ஓர் ஊசியே போதும் என்று முடிவானது. பதினொரு நிமிடம் மூத்த அறிவழகன் கோக்க உட்கார்ந்தான். பரிதி அந்த விரல்களையே மூச்சுவிடாமல் பார்த்தான். நூல் மூன்று முறை ஊசிக்காதைத் தவறவிட்டது.

“அட, வெள்ளெழுத்துடா! நாப்பதுல எல்லாருக்கும் வர்றதுதானே,” என்று அத்தை தன் கண்ணாடியைக் கழற்றி அவனுக்கு மாட்டிவிட்டார். வீடே வெள்ளெழுத்துக்குக் கைதட்டியது.

“இப்ப ஓட்டை தெரியுதாடா?” என்றான் பரிதி.

“பளிச்சுன்னு தெரியுது,” என்ற அறிவழகன் நூலை மறுபடி எடுக்கவில்லை.