தேயும் எரிமலை

கண்காட்சிக் கூடத்தின் பின்னறையில், செவ்வாய்க் கிரகத்து எரிமலையின் பிளாஸ்டர் மாதிரி மேசையை அடைத்துக்கொண்டு வெள்ளைவெளேரென்று கிடக்கிறது. சிற்பி பழக்கதோஷத்தில் கூம்பாக எழுப்பிவிட்டார். நிஜத்தில் அது தரையில் கிடத்திய கேடயம்போலப் பரந்த மலையாம். ஏறுகிறவனுக்கே ஏறுவது தெரியாதாம். பத்து நாளாக உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் தணிக்கிறார். ஜன்னல் வெயிலில் பிளாஸ்டர் தூள் இறங்க மனமில்லாமல் மிதக்கிறது. சரக் சரக்கென்ற சத்தம் நிற்கும்போதெல்லாம் இருமல் கேட்கிறது.

"ஒரு எட்டு டாக்டர்கிட்ட போயிட்டு வந்தாத்தான் என்ன?" முதுகைக் காட்டியபடி மூலையில் வண்ணம் குழைக்கிற மனைவி கேட்கிறாள்.

"எல்லாம் தூசிதான். மலை முடிஞ்சா தானா நின்னுடும்."

அடுத்த இருமல் அவரை மடக்கிப் போடுகிறது. நிமிரும்போது வெள்ளைச் சரிவில் மூன்று சிவப்புத் துளிகள். அவசரமாக விரலால் துடைக்கிறார். பிளாஸ்டர் அதற்குள் உறிஞ்சிவிட்டது. உப்புத்தாளை ஓசையில்லாமல் கீழே வைக்கிறார். அவள் குழைத்து வைத்த முதல் கிண்ணத்தை இழுத்து, தூரிகையை முக்கி, மலைக்கு அந்த இடத்திலிருந்தே செம்மண் நிறம் பூச ஆரம்பிக்கிறார்.

"நிறம் சரியா வந்திருக்கா, பாத்துச் சொல்லுங்க," என்கிறாள், இன்னும் திரும்பாமல்.

"அச்சு அசலா இருக்கு. வித்தியாசமே தெரியல."