கோட்டைத் தாண்டிய கேட்ச்

பேஸ்பால் இறுதி ஆட்டம், கடைசிச் சுற்று, சமநிலை. எதிரணியில் ஒருவன் அவுட். இன்னொருவன், ஓட்டம் எடுக்க ஒரே தளம் பாக்கியிருக்க, மூன்றாம் தளத்தில் (பேஸில்) காத்திருந்தான். உயரே வந்த பந்தைத் தம்பி ஓடிப் பிடித்து, அதே வேகத்தில் எல்லைக் கோட்டையும் தாண்டினான்.

"அடிச்சவன் அவுட்!" என்றார் நடுவரான அண்ணன். "ஆனா பந்தோட வெளியே போயிட்டதால, மூணாம் தளத்துல நிக்கிறவனுக்கு ஒரு ஓட்டம்."

அதிலேயே தம்பியின் அணி தோற்றது.

"கூடப் பிறந்தவனையே கவுத்துட்டியேண்ணா!" எல்லார் முன்னாலும் தம்பி அழுதான். அம்மாகூட அண்ணனிடம் பேச்சை நிறுத்திவிட்டாள்.

அடுத்த மாதம், ஜெயித்த அணிக்கே தம்பி கேப்டன் ஆனான். திகைத்துப்போன அண்ணன் அவர்களுடைய பயிற்சியாளரிடமே போய்க் கேட்டார்.

"பந்தோட கோட்டைத் தாண்டிடறேன்னு ஃபைனலுக்கு முந்தின நாளே உங்க தம்பி வாக்குக் குடுத்தாரே சார்," என்று அவர் கண்ணடித்தார். "உங்களையும் கேட்டுக்கிட்டுத்தான் செய்யறேன்னு சொன்னாரே!"