ஆபீஸ் சாவி

"சாவி உன் இடுப்புலதான் இருக்குது. அஞ்சு நிமிஷ வேலைம்மா. எனக்காக ஒரு வாட்டி திறக்க மாட்டியா?"

பிரவீனா கெஞ்சிய கெஞ்சலுக்குக் கல்லும் கரைந்திருக்கும். அவள் அம்மா நதியா கரையவில்லை.

பெற்ற மகளின் படிப்பு போகிறதே என்று பதறாதவளும் ஒரு தாயா? தெருவே அப்படித்தான் கேட்டது.

பிரவீனா படித்த கல்லூரியில்தான் நதியாவுக்குக் கூட்டிப் பெருக்கும் வேலை, கான்ட்ராக்டில். காலை ஆறரைக்கு ஆபீஸ் அறையைத் திறப்பவள் என்பதால் சாவி அவளிடமே இருக்கும். கடைசி வருஷப் பிள்ளைகளின் டி.சி.யெல்லாம் எழுதி, பிரின்ஸ்பால் கையெழுத்தும் ஆகி, உள்ளே பூட்டு கெட்டுப்போன பீரோவில் தயாராக இருந்தன. கொடுக்க வேண்டிய திங்கட்கிழமையன்றே ஊழியர் சங்கம் வேலைநிறுத்தத்தில் உட்கார்ந்துவிட்டது.

சென்னையில் பிரவீனாவுக்கு எம்.எஸ்சி. கெமிஸ்ட்ரியில் இடம் கிடைத்திருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் டி.சி. கொடுக்காவிட்டால் அந்த இடம் அடுத்த ஆளுக்குப் போய்விடும். அன்று வியாழன், பத்தாம் தேதி.

"நான் திறந்தா கருங்காலின்னு சொல்லுவாங்கடி. நம்மள மாதிரி கான்ட்ராக்ட்காரங்களையும் நிரந்தரம் பண்ணணும்னு ஆறாவது கோரிக்கையா எழுதியிருக்காங்க."

"உன்னை சங்கத்துல மெம்பராகூட சேக்கலியேம்மா!"

"சேப்பாங்க."

சொல்லிவிட்டாளே தவிர, மனசு கேட்கவில்லை. நேரே போராட்டப் பந்தலுக்குப் போனாள். ஆபீஸ் சூப்பரின்டென்டென்ட் வேணுகோபால்தான் சங்கச் செயலாளர். முதல் நாளே அவளுக்கு ஒரு நாற்காலி போட்டு உட்காரச் சொன்னவர். பதினோரு வருஷத்தில் அந்தக் கல்லூரியில் நதியா நாற்காலிகளைத் துடைத்திருக்கிறாளே தவிர, உட்கார்ந்தது கிடையாது.

"சார், எம் பொண்ணுக்கு நாளைக்குத்தான் கடைசி நாளு. அவளுது ஒண்ணு மட்டும்..."

"எம் பையன் குமரன் யாரு? உம் பொண்ணு கிளாஸ்தானே? அவனும்தான் சீட்டு வாங்கிட்டு டி.சி. இல்லாம உக்காந்துக்கினு இருக்கான். நான் எடுத்தேனா? ஒருத்தருக்குத் திறந்தா போராட்டமே போச்சு. உனக்கு நான் சொல்லணுமா? நீ நம்ம ஆளும்மா."

நம்ம ஆளு! நதியாவுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இனி வாயைத் திறப்பாளா?

"சாவியை இப்படிக் குடு. மைக் ஒயர் உள்ள இருக்குது."

கொடுத்தாள். பத்து நிமிஷத்தில் ஒயர்ச் சுருளோடு வந்து சாவியைத் திருப்பித் தந்தார்.

"பத்திரம். யார் கேட்டாலும் குடுத்துடாத."

வீட்டுக்கு வந்து மகளிடம் சொன்னாள். "சாரோட புள்ளைக்கே இல்லியாம்டி. அவரே எடுக்கல."

"நெசமாவா?"

"அம்மன் சத்தியமா."

வெள்ளிக்கிழமை போனது. சீட்டும் போனது.

பன்னிரண்டாம் நாள் போராட்டம் வெற்றி என்றார்கள். ஐந்து கோரிக்கைகளை அரசு ஏற்றுக்கொண்டது. ஆறாவது பரிசீலனையில் இருக்கிறதாம். பட்டாசு வெடித்துக் கொண்டாடினார்கள். அந்தக் குப்பையைப் பெருக்கியதும் நதியாதான்.

பிரவீனா பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக் கடையில் சேர்ந்துவிட்டாள். காலை முதல் ராத்திரிவரை புடவையைப் பிரித்துக் காட்டுவதும் மடித்து வைப்பதும்தான் வேலை. வீட்டில் அம்மாவோடு பேச்சில்லை. டி.சி. வாங்கப் போகலாம் என்றதற்கு மட்டும் வாயைத் திறந்தாள்.

"இனிமே அது எதுக்கு? நீயே போய் வாங்கிக்கோ."

போனாள். வேணுகோபால் டி.சி. புத்தகத்தை அவள் பக்கம் தள்ளினார்.

"அடுத்த வருஷம் சேத்துக்கலாம் நதியா, விடு. பொண்ணு பேரைப் பாத்து அடிக்கட்டையில கையெழுத்துப் போடு. கிழிச்சுத் தரேன்."

நதியா எட்டாவது வரை படித்தவள். மகளின் பெயரைத் தேடி ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினாள். வாங்கிக்கொண்டு போனவர்களின் அடிக்கட்டைகளில் கையெழுத்தும் தேதியும் இருந்தன. எல்லாம் இருபத்தொன்றாம் தேதி, போராட்டம் முடிந்து கல்லூரி திறந்த நாள்.

ஒன்றே ஒன்றில் மட்டும் பத்தாம் தேதி.

கையெழுத்துப் போட்டால் கீழே தேதி போடாமல் நகராது, அது முப்பது வருஷ ஆபீஸ் கை. திருடும்போதுகூட அந்த ஒழுங்கு தப்பவில்லை.

நதியா பெயரைப் படித்தாள். வே. குமரன். பெற்றுக்கொண்டவர், தந்தை.

அம்மன் பெயரைச் சொல்லி மகளிடம் பண்ணிய சத்தியம் நினைவுக்கு வந்தது. மெல்லப் பக்கத்தைத் திருப்பி, பிரவீனாவின் பெயருக்கு எதிரே நிறுத்தி நிதானமாகக் கையெழுத்துப் போட்டாள். பிறகு இடுப்பிலிருந்து சாவியை அவிழ்த்து அவர் மேசைமேல் வைத்தாள்.

"சார், அன்னிக்கு மைக் ஒயர் எடுக்கத்தான சார் எங்கிட்ட சாவி வாங்கினீங்க?"