மேல் பக்கம்

அம்புக்குறியைக் காணவில்லை.

அவள் கல்லைத் திருப்பினாள். மறுபடி திருப்பினாள். ஜன்னலோரம் கொண்டுபோய்ச் சாய்த்துப் பார்த்தாள்.

செங்கல் அளவுக் கறுப்புக் கல். துடைத்து வைத்ததில் பளபளவென்று இருந்தது.

கொலுப்படிக்குப் பக்கத்தில் அத்தை மணலைக் கொட்டி மலை கட்டியிருந்தார். அடிவாரத்தில் கண்ணாடிக் குளம், பிளாஸ்டிக் வாத்து, கேழ்வரகு முளைத்த வயல். உச்சியில் இருந்த கல்லைத்தான் ஆய்வகத்திலிருந்து வந்ததும் வராததுமாக அவள் பிடுங்கினாள்.

டேராடூனில் கல்லுக்கா பஞ்சம்? மகன் வீட்டில் கொலு வைக்கவென்று கும்பகோணத்திலிருந்து வந்தவருக்கு, அலமாரிக்குள் இருந்த இந்தக் கல்தானா கண்ணில் பட வேண்டும்?

இமயத்து ஸ்பிட்டியில், மூச்சு வாங்கும் உயரத்தில், ஒரு மலைச்சரிவில் அவளே உடைத்தெடுத்த கல்.

ஒரு காலத்தில் அது கடலடிச் சேறு. இமயம் எழுந்தபோது அந்தப் படுகையும் மடிந்து மேலே வந்தது. மடிந்ததில் அந்தச் சரிவின் பாறை அடுக்குகள் தலைகீழாகப் புரண்டுவிட்டன என்கிறாள் அவள். நாலு வருடமாகச் சொல்கிறாள். வழிகாட்டிப் பேராசிரியர் சிரிக்கிறார்.

அறுத்துப் பார்த்தால், கடலடியில் எது மேல் பக்கம் என்று கல்லே சொல்லிவிடும். மலையில் எது மேல் பக்கம் என்பதற்கு, பெயர்க்கும் முன் அவள் மையால் போட்ட அம்பு ஒன்றுதான் சாட்சி. இரண்டும் எதிரெதிராக இருந்தால் அவள் சொல்வது உண்மை. போட்டோவில் எல்லாம் ஒரே கறுப்பு.

திரும்பப் போய் எடுக்கலாமென்றால் அந்தச் சரிவே இல்லை. போன மாத மழையில் ஆற்றோடு போய்விட்டது.

ஆத்திரத்தில் அழுகை வந்தது. மாமியாரிடம் கத்தவா முடியும்? கல்லைத்தான் புரட்டினாள். குழாயடியில் நனைத்துப் பார்த்தாள். கவிழ்த்துப் பார்த்தாள். பொட்டு மை இல்லை. நாலு வருட உழைப்பு, கொலுவோரம் கிடந்த, நகப்பூச்சு துடைக்கிற பஞ்சோடு போயிற்று.

கடைசியில் கேட்டேவிட்டாள், ஏன் அதை அழித்தீர்கள் என்று.

சுண்டல் கரண்டியோடு வந்து நின்ற அத்தையின் முகம் சுண்டிப்போயிற்று.

"கிறுக்கினாப்ல இருந்துச்சும்மா, அதான் தொடச்சேன். ஆனா அம்பு மேல பாக்குற மாதிரி உச்சியில வச்சப்புறம்தான் தொடச்சேன். ஒன்னோட கல்லாச்சே, மாத்தி வச்சிடக் கூடாதேன்னு."

அவள் தன் கைகளைப் பார்த்தாள்.

மலையுச்சியில், கல் இருந்த இடத்தில் மணல் குழிந்திருந்தது. கல்லை அதில் வைத்தாள். பொருந்தியது.

எடுத்து, தலைகீழாக வைத்தாள்.

அப்படியும் பொருந்தியது.