ஒரு நூல் இறக்கம்

மூன்றரை மணிக்கு மனைவியின் பையிலிருந்து வெண்கலக் கிண்ணம் வெளியே வந்ததும் சுருதிக்காரர் கண்களை இறுக மூடிக்கொண்டார்.

அவரால் மூட முடிந்தது அவற்றைத்தான். இரண்டு காதையும் பொத்த இடது கை ஒன்று போதாதே.

பக்கவாதம் வலது கையையும் பேச்சையும் சேர்த்து வாரிக்கொண்டு போய் நாற்பது நாளுக்கு மேல் ஆகிவிட்டது. நாக்கில் கோளாறு இல்லை, சொல் தானாக உந்திக்கொண்டு வரவேண்டும் என்றார் டாக்டர். வராமலே போய்விடவும் கூடும் என்பதை ஆஸ்பத்திரி வராந்தாவில் வைத்து மனைவியிடம் மெதுவாகச் சொன்னார்.

பியானோக்களுக்குச் சுருதி சேர்த்தே வயிறு வளர்த்த காது. அதுவும் கேட்டுவிட்டது.

அன்றைக்கே பக்கத்து வீட்டு அக்கா இந்தக் கிண்ணத்தைக் கொண்டுவந்து கொடுத்தாள். விளிம்பில் தட்டி, அந்த நாதத்தோடு சேர்ந்து ‘ம்’ என்று இழுத்தால் அடைத்ததெல்லாம் திறக்குமாம்.

நன்றாக இருந்த காலத்தில் இப்படிப் பேசியவர்களை அவர் சும்மா விட்டதில்லை. நோய் தீர்க்கும் சுருதியில் தன் பியானோவை வைக்கச் சொன்ன பல் டாக்டரிடம், அப்படியென்றால் பல்லை நானே பிடுங்கிக்கொள்ளட்டுமா என்று கேட்டவர்.

கிண்ணத்தின் மேல் அவருக்குப் புகார் இல்லை. சுத்தமான நாதம்.

புகாரெல்லாம் மனைவியின் மேல்தான். அவளுடைய ‘ம்’ கிண்ணத்தைவிட ஒரு நூல் கீழே நின்றது. இரண்டும் உரசி அவர் காதுக்குள் வண்டாய்க் குடைந்தன.

கல்யாணமான புதிதிலிருந்தே இந்த வழக்கு உண்டு. சமையலறையில் அவள் பாடுவாள், பட்டறையிலிருந்து இவர் சுருதியை ஏற்றச் சொல்லி ஒற்றைச் சொல்லில் அதட்டுவார். ஒரு கட்டத்தில் அவள் பாடுவதையே விட்டுவிட்டாள்.

இப்போது நாள் தவறாமல் அதே ஒரு நூல். தவறிப்போயாவது ஒருநாள் சரியாகப் பாடித் தொலைக்கக் கூடாதா என்று உள்ளுக்குள் குமுறினார்.

இன்று அவள் வழக்கத்தைவிட நீளமாக இழுத்தாள். மூச்சு முட்டும்வரை இழுத்தாள். அவருக்குக் கோபம் தலைக்கேறியது. தொண்டையில் ஏதோ உருண்டது.

“ஏ... ஏத்து!”

கிண்ணம் அவள் கையிலிருந்து நழுவிக் கட்டிலில் விழுந்தது. நர்ஸ் ஓடிவந்தாள். மனைவி அவருடைய இடது கையைக் கண்களில் ஒற்றிக்கொண்டு விம்மி விம்மி அழுதாள். பிறகு போனை எடுத்தாள்.

“அக்கா, உங்க கிண்ணம் காப்பாத்திடுச்சுக்கா!”

அவர் மறுக்கவில்லை. பேச்சு வந்ததே பெரிது. இத்தனை நாள் நம்பாததற்குக் கிண்ணத்திடம் மனசுக்குள் மன்னிப்பும் கேட்டுக்கொண்டார்.

வீடு திரும்பிய மறுவாரம், கைத்தடியை ஊன்றிச் சமையலறை வாசல்வரை தானாகவே நடந்தார்.

அவள் முதுகைக் காட்டிக்கொண்டு அந்தக் கிண்ணத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள். கரண்டி பட்டு அது கணீரென்றது. தன்னை மறந்து அவளும் ‘ம்’ என்று சேர்ந்துகொண்டாள்.

அவர் அப்படியே நின்றுவிட்டார்.

உரசல் இல்லை. வண்டு இல்லை. கிண்ணம் எது, மனைவி எது என்று அவர் காதாலேயே பிரிக்க முடியவில்லை.

தடி தரையில் இடறியது. அவள் திரும்பி அவரைப் பார்த்தாள்.

குரல் சட்டென்று ஒரு நூல் இறங்கியது.

அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. நன்றி சொல்லத்தான் வாயைத் திறந்தார். வந்ததென்னவோ, “ஏத்து.”